எலியோடு நின்றுவிடும் தடுப்பூசிகள்: மடிநோய் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகங்களிலும் கறவை மாட்டின் மடிநோய்க்குப் பாக்டீரியப் புரதங்களைக் கொண்டு தடுப்பூசி உருவாக்க முனைந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு,

உங்களிடம் இன்றுள்ள கருவிகள் ஒரு தலைமுறைக்கு முன்பு எவருக்கும் வாய்க்காதவை. ஒரு கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் சில நாட்களுக்குள் படித்துவிடவும், அதிலுள்ள எந்தெந்தப் புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் அமைந்திருக்கும் என்று கணினியில் கணிக்கவும், அவற்றுள் ஒன்றுக்குரிய மரபணுவை ஆய்வகத்து ஈ.கோலை பாக்டீரியத்துக்குள் செலுத்தி அந்தப் புரதத்தை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுக்கவும் உங்களால் முடிகிறது. இவ்வாறு ஓர் உயிரியின் மரபணுவை வேறோர் உயிரிக்குள் வைத்துப் பெறப்படும் புரதமே மறுசேர்க்கைப் புரதம் எனப்படுகிறது. ஆயினும், மறுசேர்க்கைப் புரதத்தை மட்டுமே நம்பிய மடிநோய்த் தடுப்பூசி எதுவும் மாட்டுக் கொட்டகைகளில் இதுவரை நிலையான இடம் பிடிக்கவில்லை. ஆய்விதழ்களில் அத்தகைய புரதங்களின் பெயர்கள் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இந்த இடைவெளிக்குக் கிருமியின் சாமர்த்தியம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நீங்கள் வெற்றியை அளக்கும் முறையில் இருக்கிறது என்பதே இம்மடல் உங்கள்முன் வைக்கும் குற்றச்சாட்டு.

உங்கள் அளவுகோலையும் மாடு வளர்ப்பவரின் அளவுகோலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீங்கள் ஊசி போட்ட விலங்கின் இரத்தத்திலிருந்து ஊநீரைப் பிரித்து, அதைப் பன்மடங்கு நீர்க்கச் செய்த பின்னும் உங்கள் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள், அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் அப்புரதத்துக்கு எதிராகவே சுரக்கும் தற்காப்பு மூலக்கூறுகள், அதில் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்து, அந்த எண் உயர்ந்திருந்தால் தடுப்பூசி நம்பிக்கையளிக்கிறது என்று எழுதுகிறீர்கள். கறவைக்காரப் பெண்ணோ முதல் பீச்சுப் பாலில் திரி வருகிறதா, ஒரு காம்பு மட்டும் சூடாகவும் கல்லாகவும் இருக்கிறதா, பால் உப்புக் கரிக்கிறதா, சங்கத்துக் கருவியில் கொழுப்பற்ற திடப்பொருளின் அளவு குறைந்து லிட்டருக்கு விலை இறங்கியதா என்று பார்க்கிறார். அழற்சியுற்ற மடியில் பாலின் லாக்டோஸ் சர்க்கரை குறைந்து, இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிவதால்தான் அந்த உப்புக் கரிப்பும் விலை இறக்கமும் நேர்கின்றன. உங்கள் ஆய்வேடுகளில் எத்தனை இந்தக் கேள்விகளுள் ஒன்றுக்காவது விடை சொல்கின்றன என்பதை உங்கள் துறை நூலகத்து அலமாரியிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியும் நோய் சிறு பகுதிதான் என்பதும், வெளியே எந்த அறிகுறியுமின்றிப் பாலின் அளவை மட்டும் அரித்துக்கொண்டிருக்கும் மறைநிலை மடிநோயே பெரும்பகுதி என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1957ஆம் ஆண்டில் ஷாமும் நூர்லாண்டரும் வகுத்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையில், நான்கு குழிகள் கொண்ட ஒரு தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீச்சி, அதே அளவு சலவைத்தன்மையுள்ள கரைசலை ஊற்றிச் சுழற்றினால், நோயுற்ற காம்புக்குரிய குழியில் மட்டும் பால் கொழகொழப்பாகித் தட்டோடு ஒட்டி இழுபடும். மடிக்குள் திரண்டிருந்த வெள்ளணுக்களின் உறை கரைந்து, அவற்றின் மரபுப்பொருளான டிஎன்ஏ வெளிவந்து பிசினாவதே அதற்குக் காரணம். நலமான காம்பின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான உடற்செல்களே இருக்கும் என்பதும், இரண்டு லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருப்பதாகக் கொள்வது வழக்கம் என்பதும் உங்கள் முதலாண்டு மாணவருக்கும் பாடம். அந்தத் தட்டு எந்தக் கிராமத்துக் கொட்டகையிலும் பயன்படக்கூடியது. உங்கள் தடுப்பூசி ஆய்வுகள் பலவற்றில் அதற்கு இடமில்லை.

புரதங்களை நோக்கி நீங்கள் திரும்பியதில் தவறு எதுவும் இல்லை. முழுக் கிருமியைக் கொன்று செய்யப்பட்ட ஊசிகள் எட்டிய தூரமும் எட்டாத தூரமும் உங்களுக்குமுன் இருந்தன. ஈ.கோலையின் வெளிச்சர்க்கரைச் சங்கிலிகள் அமையாமல் உட்சர்க்கரைப் பகுதி வெளித்தெரியும் ஜே5 என்னும் திரிபைக் கொண்டு 1980களில் கலிஃபோர்னியாவில் செய்யப்பட்ட ஊசி, தொற்றைத் தடுக்காவிட்டாலும் நோயின் கடுமையைக் குறைத்தது. அந்த ஜே5 திரிபையும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியையும் சேர்த்து உருவாக்கப்பட்டு 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற ஸ்டார்ட்வாக் ஊசியைப் பிரித்தானியப் பண்ணைகளில் சோதித்தபோதும் கதை ஏறக்குறைய அதுவே: நோயுற்ற மாடுகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, நோயின் தீவிரம் தணிந்தது, பாலும் கூடியது. முழுக் கிருமியில் பயனுள்ள புரதங்களோடு பயனற்றவையும் அழற்சியைத் தூண்டுபவையும் கலந்திருப்பதால், ஊசி போட்ட ஓரிரு நாட்களுக்குப் பால் இறங்கவும் செய்கிறது. இருநூறு மாடுகள் உள்ள பண்ணையில் அது கணக்கில் கரைந்துவிடும், இரண்டே மாடுகள் உள்ள வீட்டில் அன்றைய பால் பணத்தில் தெரியும். தேவையான ஒரு புரதத்தை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுத்தால் இந்தக் குறைகள் நீங்கும் என்ற உங்கள் எதிர்பார்ப்பு நியாயமானது. அந்த ஒரு புரதத்தை எந்த ஆதாரத்தின்மேல் தெரிந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் வழக்கு.

இதற்கு உங்கள் துறையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அது உரிய கவனம் பெறாமல் போய்விட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் என்னும் கிருமி, தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. அது சுரக்கும் பாவ்-ஏ என்ற புரதம், பாலிலுள்ள பிளாஸ்மினோஜென் என்னும் செயலற்ற பொருளைப் பிளாஸ்மின் என்ற நொதியாக மாற்ற, அந்த நொதி பாலின் முதன்மைப் புரதமான கேசினைச் சிறு துண்டுகளாகச் சிதைக்கிறது. அத்துண்டுகளே கிருமியின் உணவாகின்றன என்று கருதப்பட்டது. அந்தப் புரதத்தை முடக்கினால் கிருமி பட்டினி கிடக்கும் என்ற எண்ணம் எளிமையும் அழகும் கொண்டது. இங்கிலாந்தின் காம்ப்டனில் இயங்கிய விலங்கு நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1999இல் கறவை மாடுகளிலேயே அதைச் சோதித்து, ஊசியால் தூண்டப்பட்ட எதிர்ப்பொருள்கள் பாவ்-ஏயின் செயலைத் தடுப்பதையும், மடிக்குள் கிருமியைச் செலுத்தியபோது ஊசி பெற்ற மாடுகள் காக்கப்படுவதையும் காட்டினர். அத்தோடு அவர்கள் நின்றிருந்தால் உலகம் பாராட்டியிருக்கும். அவர்களோ பாவ்-ஏ மரபணுவையே நீக்கிய ஒரு திரிபை உருவாக்கி, அதையும் மாட்டின் மடிக்குள் செலுத்திப் பார்த்தனர். பாவ்-ஏ இல்லாமலேயே அந்தக் கிருமி மூலக்கிருமியைப் போலவே மடிநோயை உண்டாக்கியது என்று 2003இல் அவர்களே எழுதினார்கள்.

இதை நீங்கள் தோல்விக் கதையாகப் படிக்கக் கூடாது. நோய்க்குத் தேவைப்படாத புரதமும் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் இடமாகிக் கிருமியை வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் இழந்தாலும் நட்டமில்லாத ஒரு புரதத்தைக் கிருமி எளிதில் கைவிட்டுவிடக் கூடும் என்பதும் அதற்கு நிகரான உண்மை. எனவே, கணிப்புப் பட்டியலில் முதலிடத்தில் வந்தது என்பதற்காகவோ, ஈ.கோலைக்குள் எளிதாக விளைகிறது என்பதற்காகவோ, பக்கத்து ஆய்வகத்தில் அதன் மரபணு ஏற்கெனவே கிடைக்கிறது என்பதற்காகவோ ஒரு புரதத்தைத் தெரிந்தெடுப்பதற்கு மாறாக, அது இல்லாத கிருமி மாட்டின் மடியில் என்ன ஆகிறது என்ற கேள்வியை முதலில் எழுப்பும் துணிவை அந்த ஆய்வாளர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். செல்சுவரில் பல புரதங்களை ஒருசேரப் பொருத்தும் சார்ட்டேஸ் என்னும் நொதியின் பக்கம் அந்த ஆய்வு பின்னர் திரும்பியதற்கும், அந்த நொதியை இழந்த யூபெரிஸ் மடியில் வலுவிழப்பது தெரிய வந்ததற்கும் அந்தத் துணிவே வழியானது.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் உயர்ந்தால் மடி காக்கப்படும் என்ற கருத்து, மடி என்னும் உறுப்பின் இயல்பைக் கணக்கில் கொள்ளாதது. சீம்பாலில் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருப்பது கன்றுக்காக. கறவை நிலைபெற்ற பின் பாலில் அவற்றின் செறிவு பெரிதும் குறைந்துவிடுகிறது. இருப்பவையும் பல லிட்டர் பாலில் நீர்த்து, நாளுக்கு இரண்டு வேளை கறந்து வெளியேற்றப்படுகின்றன. கிருமியை விழுங்க வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், பாலிலுள்ள கொழுப்புத் துளிகளையும் கேசின் துகள்களையும் விழுங்கி, கிருமியை எதிர்கொள்ளும்போது திறன் குன்றியிருக்கின்றன. ஆரியஸ் கிருமியோ மடியின் உட்படலச் செல்களுக்குள்ளேயே புகுந்து எதிர்ப்பொருளுக்கு எட்டாமல் ஒளிந்துகொள்ளவும், சுற்றிலும் நார்த்திசு சூழ்ந்த சீழ்க்கட்டிகளுக்குள் மாதக்கணக்கில் தங்கவும் வல்லது. இத்தகைய இடத்தில், வெள்ளணுக்கள் தக்க நேரத்தில் மடிக்குள் விரைந்து வருவதே தீர்மானிக்கும் செயல். அவற்றை அழைப்பவை டி செல்கள் என்னும் நிணநீர்ச் செல்களும் அவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-17 போன்ற சைகைப் பொருள்களும். ஒரு புரதத்துக்கு முன்பே பழக்கப்படுத்தப்பட்ட மாட்டின் மடிக்குள் அப்புரதத்தைச் செலுத்தினால் இந்தச் சைகை எழுந்து நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன என்பதைப் பிரான்சில் பாஸ்கல் ரெய்னாரும் அவருடன் உழைத்தோரும் மாடுகளிலேயே காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் ஊநீர் எதிர்ப்பொருளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால், மடிக்குள் நிகழும் இந்தச் செல்வழி எதிர்ப்புக்கு அதைவிட நீண்ட பத்தி வேண்டும்.

உங்கள் ஊசிகள் முதலில் சோதிக்கப்படும் எலிக்கு வருவோம். எலி விலை குறைந்தது, அதற்குச் சிறு இடம் போதும், ஒழுங்குமுறை அனுமதியும் ஒப்பீட்டளவில் எளிது என்பன எல்லாம் நியாயமான காரணங்கள். முதற்கட்டச் சல்லடையாக எலியைப் பயன்படுத்துவதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். குறை, சல்லடையிலேயே சமையலை முடித்துவிடுவதில் இருக்கிறது. மாடுகளைத் தாக்கும் ஆரியஸ் வகைகள் சில, மாட்டின் நியூட்ரோஃபில்களைக் குறிவைத்துக் கொல்லும் லுக்-எம்எஃப் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. ஒரு விலங்கின் செல்லிலுள்ள குறிப்பிட்ட ஏற்பியைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும் இத்தகைய நஞ்சுகளுக்கு எதிரான பாதுகாப்பை, அந்த விலங்கை விட்டு வேறொன்றில் அளந்து உறுதி செய்ய முடியாது. மனித மருத்துவத்தின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. ஆரியஸ் கிருமி ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைப் பறிக்க உதவும் ஐஎஸ்டி-பி என்ற மேற்பரப்புப் புரதம், எலிகளில் நற்பலன் தந்ததால், மெர்க் நிறுவனத்தால் தடுப்பூசியாக்கப்பட்டு, இதய, மார்பு அறுவைக்கு உட்பட்ட 8,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. ஊசி எதிர்ப்பொருளை உயர்த்தியது, தொற்றைக் குறைக்கவில்லை. தொற்று நேர்ந்தவர்களுள் ஊசி பெற்றவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது என்று 2013இல் முடிவுகள் வெளியாயின. அதே புரதத்தை மடிநோய்க்கும் பரிந்துரைக்கும் கட்டுரைகளை எழுதுவோர், ஹீமோகுளோபின் அரிதாகவே காணப்படும் பாலில் அப்புரதத்துக்கு என்ன வேலை என்பதையாவது முதலில் நிறுவிக் காட்டட்டும்.

நம்பிக்கைக்கு இடமில்லை என்று இவற்றிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. கனடாவின் சாஸ்கட்டூனில் இயங்கும் தடுப்பூசி, தொற்றுநோய் ஆய்வமைப்பினர், சர்க்கரையைச் சிதைக்கும் நொதியாகவும் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிய புரதமாகவும் இருவேலை பார்க்கும் கேப்-சி என்பதை எடுத்துக்கொண்டு, அதைக் கறவை இன மாடுகளுக்கே செலுத்தி, ஊசிக்கு மூலமான யூபெரிஸ் வகையினின்று வேறுபட்ட வகையால் தாக்கியும் பாதுகாப்பு கிடைப்பதை 2002இல் வெளியிட்டனர். ஊசிக்குரிய கிருமியையே சோதனைக்கும் பயன்படுத்தித் தமக்குத் தாமே எளிய தேர்வு வைத்துக்கொள்ளாத அந்த நேர்மை பின்பற்றத் தக்கது. அதற்குப் பின் அந்தப் புரதம் ஏன் கொட்டகைக்கு வந்து சேரவில்லை என்பது அறிவியலோடு முதலீடும் சந்தையும் சேர்ந்த கேள்வி. முதலீடும் சந்தையும் சார்ந்த பாதிக்கு நீங்கள் மட்டும் பொறுப்பாக முடியாது.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் உழைப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. உரிமம் பெற்ற ஊசிகள் பெரும்பாலும் இயந்திரத்தால் கறக்கப்படும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெரும்பண்ணை மாடுகளை மனத்தில் கொண்டு உருவானவை. இங்கோ கலப்பினப் பசுவும் எருமையும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. கறவை பெரும்பாலும் கையால் நடக்கிறது. ஒருவரே பல வீட்டு மாடுகளைக் கறந்து செல்லும் ஊர்களில் ஆரியஸ் போன்ற தொற்றுவகைக் கிருமி காம்பிலிருந்து காம்புக்கு அவர் விரல்களோடு பயணம் செய்கிறது. இங்குள்ள காம்புகளில் எந்தக் கிருமி வகைகள் தங்கியிருக்கின்றன, உங்கள் புரதத்துக்குரிய மரபணு அவற்றுள் எத்தனையில் மாறாமல் இருக்கிறது என்பதை அறியாமல், வெளிநாட்டுத் தரவுத்தளத்திலுள்ள வரிசையொன்றை அப்படியே எடுத்து ஊசி செய்வது, இல்லாத பூட்டுக்குச் சாவி செதுக்குவதாகவே முடியும். ஒவ்வொரு கல்லூரியும் தன் குளிர்ப்பெட்டியில் தனித்தனியே பூட்டி வைத்திருக்கும் கிருமிச் சேகரங்கள் பொதுவில் பகிரப்பட்டால் இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைக்கும். அவற்றை ஏன் இன்னும் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆய்வுப் போட்டி என்பதைத் தவிர வேறு விடை தெரியவில்லை.

மாடுகளில் சோதிப்பதற்குப் பணமில்லை, மூன்றாண்டு உதவித்தொகைக்குள் ஒரு கறவைக்காலத்தைப் பின்தொடர இயலாது, மடிக்குள் கிருமியைச் செலுத்த நெறிக்குழு அனுமதிக்காது என்ற உங்கள் மறுமொழிகள் எதிர்பார்க்கக் கூடியவையே. அவற்றுள் பணமும் காலமும் பற்றியவை உண்மையான தடைகள். அவற்றுக்கான பழியின் பெரும்பங்கு, கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தகுதியை எடைபோடும் நிதியமைப்புகளையே சாரும். மூன்றாவது தடைக்கு மாற்றுவழி உண்டு. காட்டுப்பாக்கத்திலும் ஓசூரிலும் உள்ளவை போன்ற அரசு, பல்கலைக்கழகப் பண்ணைகளில் தொற்று இயல்பாகவே நிலவுவதால், சினைக்காலத்தின் இறுதி இரு மாதங்களில், பால் வற்றியிருக்கும்போது, ஒரு பாதி மாடுகளுக்கு ஊசியும் மறுபாதிக்கு மருந்தற்ற ஊசியும் போட்டு, எந்த மாடு எதைப் பெற்றது என்பது கறப்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியாமல் மறைத்து, கன்று ஈன்றது முதல் கறவை வற்றும்வரை பின்தொடரலாம். அதில் ஒரு நுட்பம் உண்டு: ஊசி பெற்ற மாடுகள் கிருமியைக் குறைவாகப் பரப்பினால் அதே கொட்டகையில் நிற்கும் ஊசி பெறாத மாடுகளும் பயனடையும், அதனால் இரு பிரிவுகளுக்கிடையே வேறுபாடு சுருங்கி ஊசி பயனற்றதுபோலத் தோன்றும். இத்தாலியில் இரண்டு பண்ணைகளில் ஸ்டார்ட்வாக்கைச் சோதித்த குழுவினர் இதை உணர்ந்தே தொற்று பரவும் வேகத்தையும் அளந்து, ஆரியஸின் பரவல் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்ததாக 2014இல் அறிவித்தனர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. உங்கள் ஊசியைத் தூய்மைக்கு மாற்றாக விளம்பரப்படுத்த எவர் முன்வந்தாலும் முதலில் மறுக்க வேண்டியவர்கள் நீங்கள். கறந்த பின் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்தல், பால் வற்றும்போது மருந்திடல், தீராத நோயுள்ள மாட்டைக் கழித்தல் முதலியவை அடங்கிய ஐந்து அம்சத் திட்டத்தை 1960களில் இங்கிலாந்தில் வகுத்தவர்கள் எந்தத் தடுப்பூசியும் இல்லாமலேயே தொற்றுவகை மடிநோயைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்கள். கறந்து முடித்தபின் காம்பின் துளை மூடிக்கொள்ள அரைமணி நேரத்துக்கும் மேலாகும் என்பதால், மாடு உடனே சாணத்தில் படுத்துவிடாதபடி தீவனம் வைத்து நிற்கச் செய்யும் பழக்கத்துக்குச் செலவே கிடையாது. அதே வேளையில் 2022 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணை விலங்குகளுக்கு வழக்கமாக முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதற்குத் தடை விதித்திருப்பதும், இந்தியா 2019இல் கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்துவதைத் தடை செய்திருப்பதும், மருந்துக்கு முன்பே தடுக்கும் வழியை உலகம் எவ்வளவு வேண்டி நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன. உங்கள் உழைப்பு பயனுள்ள திசையில் போக வேண்டும் என்ற வற்புறுத்தலுக்குக் காரணம் அந்தத் தேவையே.

ஆகவே இம்மடல் உங்களிடம் கேட்பது இது. அடுத்த புரதத்தைத் தெரிந்தெடுக்குமுன் அது இல்லாத கிருமி மடியில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கான சான்றைத் தேடுங்கள், இல்லையெனில் நீங்களே உருவாக்குங்கள். உங்கள் கிருமிச் சேகரத்தை மற்றக் கல்லூரிகளோடு பகிர்ந்து, ஊசிக்குரிய வகையல்லாத பல வகைகளுக்கு எதிராகச் சோதியுங்கள். பயன் தராத புரதங்களின் முடிவுகளையும் தயங்காமல் வெளியிடுங்கள். மாணவர் பட்டம் பெறத் தோல்வி முடிவும் போதும் என்பதை வழிகாட்டும் பேராசிரியர்கள் முதலில் ஏற்றுக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தில் எலிகளுக்கான செலவை எழுதும் அதே பக்கத்தில், ஒரு முழுக் கறவைக்காலத்துக்கு ஊசி பெற்றவை, பெறாதவை என இரு பிரிவு மாடுகளும் எருமைகளும், ஒவ்வொரு வேளைப் பாலின் எடை, வாரந்தோறும் நான்கு குழித் தட்டில் பார்க்கும் சோதனை, ஊசியால் பால் இறங்கும் நாட்களிலும் மருந்தால் கீழே கொட்டப்படும் நாட்களிலும் மாட்டுக்காரருக்குத் தர வேண்டிய இழப்பீடு ஆகியவற்றையும் வரிசையாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். அந்த வரிகளை நிதிக்குழு அடித்துவிட்டால், அடித்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் கட்டுரையின் முன்னுரையிலேயே அதை வெளியிடுங்கள்.